கடல் இல்லாத ஊரின் கடல் ஞானம்

பெங்களூரில் கடல் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், உப்புக்காற்று எட்டாத இடத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கடல் தெளிவாகத் தெரியும். கரையில் குடியிருப்பவனுக்கு என்ன தெரியும்? அலை தெரியும், காற்று தெரியும், எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்று தெரியும். ஆண்டுக்கு எத்தனை கோடி டன் சரக்கு கையாளலாம் என்று தெரியுமா? குத்தகை ஒப்பந்தத்தின் எத்தனையாவது ஷரத்தில் தன் வீடு இருக்கிறது என்று தெரியுமா? அதெல்லாம் விதான சௌதாவிலும் விகாச சௌதாவிலும் மின்விசிறிக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரிகிற விஷயம். ஆகவே கர்நாடகத்தின் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடற்கரையின் தலையெழுத்து, கடலைக் கண்டிராத கோப்புகளில் எழுதப்படுவது மிகமிகப் பொருத்தம்.

தண்ணீரில் இந்த ஊருக்கு முன் அனுபவம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தர்மாம்புதி ஏரியை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு ஆக்கிய ஊர் இது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. கோரமங்களா ஏரியில் தேசிய விளையாட்டுக் கிராமம் எழும்பியது. செல்லகட்டா ஏரியில் இன்று கோல்ஃப் ஆடுகிறார்கள். ஏரிகளில் வலை வீசிப் பிழைத்த பெஸ்தர் சமூகத்தார் என்ன ஆனார்கள் என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் மீன் பிடிக்க முடியாது என்ற எளிய உண்மையை அவர்களே புரிந்துகொண்டிருப்பார்கள். தூர்க்காமல் விட்டுவைத்த ஏரிகளிலும் ஊர் தன் கைவரிசையைக் காட்டியது. அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. பெல்லந்தூர் ஏரி முதலில் நுரை கக்கியது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீரைப் பற்றியெரிய வைத்த ஒரு நிர்வாகத்திடம் அரபிக்கடலை ஒப்படைக்கத் தயங்குகிறவர்களுக்கு முன்னேற்றத்தில் நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்படி நம்பிக்கை இல்லாத ஓர் ஊர், உத்தர கன்னட மாவட்டத்தில் ஹொன்னாவர தாலுகாவில் இருக்கிறது. பெயர் காசர்கோடு டொங்கா. கேரளத்துக் காசர்கோடு வேறு. ஜோக் அருவியாக விழுந்த ஷராவதி ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில், ஒரு பக்கம் ஆறும் ஒரு பக்கம் கடலுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு. இந்தக் கரை நெடுக கார்வி, ஹரிகந்த்ரா, அம்பிகா, மொகேரா என்று பல பெயர்களில் மீனவர்கள். அவர்களோடு முஸ்லிம், கிறித்தவ மீனவக் குடும்பங்கள்.

டொங்கா மணலில் பெண்கள் மீன் காயவைப்பதைப் பார்த்தால் ஒரு பொருளாதாரம் எப்படி நடக்கிறது என்பது புரியும். கூடை கூடையாக வந்திறங்கும் மத்தியையும் நெத்திலியையும் உப்பிட்டு, மணல்மேல் விரித்த பழைய வலையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புவார்கள். வெயில் ஏற ஏறக் குனிந்து குனிந்து கையாலேயே திருப்பிப் போடுவார்கள். காக்கையையும் நாயையும் விரட்ட ஒருத்தி, மேகம் திரண்டால் வாரி மூட ஒருத்தி. ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை கடைசிவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த இரண்டு மாதமும் மேட்டுநில ஊர்களின் சந்தையில் விற்று அடுப்பெரிய வைப்பது இந்தக் கருவாடுதான். கோப்பில் இதே மணலுக்குப் பெயர் காலி இடம். கருவாடு காய்வதற்கு இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது கோப்பு எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டுக்குக் கருவாடு பிளாஸ்டிக் உறையில் அல்லவா வருகிறது!

இவர்களுக்கு வரலாறு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வந்து தேதி குறித்துக் கொடுத்த வரலாறு.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் ரம்பணி என்ற பெருவலை இருந்தது. நம்மூர்க் கரைவலையின் அண்ணன். கானாங்கெளுத்திக் கூட்டம் கரையை ஒட்டி வருவதைக் கண்டால், தோணியில் போய் அரைவட்டமாக வலையைச் சுற்றிவிட்டு, இரு முனைகளையும் கரையிலிருந்து ஊரே சேர்ந்து இழுக்கும். வலை ஒருவருடைய சொத்தாக இருந்ததில்லை. ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுவந்து கோத்தது. பாடு கிடைத்தால் இழுத்த கை அத்தனைக்கும் பங்கு உண்டு. 1970களின் நடுவில், அரசுக் கடன், மானியம் என்ற சீர்வரிசையோடு சுருக்குவலைப் படகுகள் வந்து சேர்ந்தன. கரைக்கு வரவேண்டிய மீனை ஆழத்திலேயே வழிமறித்து அள்ளின. சில ஆண்டுகளில் ரம்பணி கரையேறிவிட்டது. எதிர்த்துப் போராடியவர்களுக்கு, நீங்களும் படகு வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது என்று பதில் கிடைத்தது. ஊரோடு சேர்ந்து சாப்பிட்டவனைத் தனித்தனியாகக் கடன்காரனாக்குவதற்கு நவீனமயம் என்று பெயர்.

அடுத்து வந்தது தேசப் பாதுகாப்பு. 1986 அக்டோபரில் ராஜீவ் காந்தி கார்வார் அருகே 'சீபேர்ட்' கடற்படைத் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார். கார்வார், அங்கோலா தாலுகாக்களில் 13 கிராமங்கள், 4,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. உழவர்களும் மீனவர்களும் தோடூர், ஹார்வாடா, முத்கா என்று போட்ட குடியேற்றங்களுக்குப் போனார்கள். 2005 மே மாதம் தளம் 'ஐ.என்.எஸ். கதம்பா' என்ற பெயரில் செயலுக்கு வந்தது. இழப்பீடு போதாது என்று போட்ட வழக்குகள் மட்டும் தளம் திறந்த பிறகும் ஓய்வில்லாமல் ஓடின. நாட்டைக் காக்கத் தளம் வேண்டும், சரி. நிலம் கொடுத்தவன் அதற்குரிய பணத்தை வாங்குவதற்குள் பேரன் எடுத்துவிட வேண்டும் என்று எந்தப் போர்த்தந்திர நூல் சொல்கிறது?

இனி பேலிகேரி. அங்கோலா தாலுகாவில் இருக்கும் இந்தத் துறைமுகத்தின் கதையை ஒவ்வொரு மீனவனும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஆவணம் என்றால் என்ன என்று அது கற்றுக்கொடுக்கும். பல்லாரியிலிருந்து லாரி லாரியாக வந்த அனுமதியில்லாத இரும்புத்தாதுவை 2010-இல் வனத்துறை பறிமுதல் செய்து, அந்தத் துறைமுகத்திலேயே வைத்திருந்தது. லட்சக்கணக்கான டன். பிறகு பார்த்தால் பெரும்பகுதியைக் காணோம். மோதிரம் தொலையும், மூக்குத்தி தொலையும்; மலை தொலைந்த அதிசயம் அங்கே நடந்தது. கப்பலில் ஏறிக் கடல் தாண்டிப் போயிருந்தது. பறிமுதல் செய்த அதிகாரி மீதே நடவடிக்கை பாய்ந்ததைக் கண்டு லோக்ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், பிறகு திரும்பப் பெற்றார். சட்டவிரோதச் சுரங்கம் பற்றிய அவருடைய 2011 அறிக்கை முதலமைச்சர் எடியூரப்பாவின் நாற்காலியையே பறித்தது. தாது காணாமல் போன வழக்கில் 2024 அக்டோபரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் கார்வார் தொகுதி எம்.எல்.ஏ. உள்ளிட்டோருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது.

ஆக, காகிதம் இல்லாத மலை ஒன்று பட்டப்பகலில் இந்தக் கரையைக் கடந்து போகலாம். காகிதம் இல்லாத மீனவன் இந்தக் கரையில் உட்காரத்தான் கூடாது.

டொங்காவுக்கு வருவோம். 2010-இல் அரசு ஒரு தனியார் நிறுவனத்தோடு இங்கே துறைமுகம் கட்ட ஒப்பந்தம் போட்டது. அன்று தொடங்கிய எதிர்ப்பு ஆட்சி மாறினாலும் ஓயவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது மீனவர் பக்கம், ஆளுங்கட்சி ஆனதும் ஒப்பந்தத்தின் பக்கம் என்ற ஒழுங்கைக் கட்சிகள் கட்டுப்பாடாகக் காப்பாற்றி வருகின்றன. 2023-இல் அமைந்த அமைச்சரவையில் மீன்வளமும் துறைமுகமும் ஒரே அமைச்சருக்குக் கொடுக்கப்பட்டன. அவரே அந்தக் கடற்கரைக்காரர்தான். காலையில் மீன்வள அமைச்சராக மனு வாங்கி, மாலையில் துறைமுக அமைச்சராக அதை நிராகரித்துக்கொள்ளலாம். தபால் செலவு மிச்சம்.

இதே காசர்கோட்டில், துறைமுகத் திட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இன்னொரு கடற்கரை இருக்கிறது. 2020 அக்டோபரில் அதற்கு டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட அமைப்பிடமிருந்து 'நீலக் கொடி' கிடைத்தது. தூய்மையான கரை, பாதுகாப்பான குளியல், மூங்கில் குடில். நல்லதுதான். ஆமைகள் வந்து முட்டையிடும் கரை என்று ஒரு பக்கம் பெருமை பேசுகிறார்கள். அந்த ஆமைகள் ஏறிவரும் டொங்கா மணலில் லாரி போக ரோடு போடுகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு நீலக் கொடி, முதலீட்டாளருக்குப் பச்சைக் கொடி, மீனவனுக்குச் சிவப்புக் கொடி. வண்ணங்களில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

2025 பிப்ரவரியை மறக்கக் கூடாது. அந்த மாதம் 11 முதல் 14 வரை பெங்களூரு அரண்மனை மைதானத்தில் 'இன்வெஸ்ட் கர்நாடகா' மாநாடு. பத்து லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டு வாக்குறுதி வந்ததாக அறிவித்தார்கள். அதே மாதக் கடைசியில் டொங்காவில் தடை உத்தரவு. கடல் எதுவரை ஏறும் என்று உயர்அலைக் கோடு குறிக்க அளவையாளர்கள் வந்தார்கள். அவர்களோடு போலீஸ் பட்டாளம் வந்தது. பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் கடலில் இறங்கி நின்றார்கள். மீனவர்களைக் கைது செய்து கொண்டுபோனார்கள். அரண்மனை மைதானத்தில் நிலம் கேட்டு வந்தவருக்குப் பொன்னாடை; தன் நிலத்தில் நின்றவருக்கு வேன்.

டொங்காவிலிருந்து வடக்கே போனால் அங்கோலாவுக்கு அருகே கேணி. 2023 நவம்பரில் ஜே.எஸ்.டபிள்யூ. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் நிறுவனத்துக்கு அங்கே புதுத் துறைமுகம் கட்ட உத்தரவு கிடைத்தது: 4,119 கோடி ரூபாய், ஆண்டுக்கு 3 கோடி டன் கொள்ளளவு. 2025 ஆகஸ்டில் அங்கோலாவில் நடந்த கருத்துக்கேட்பில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வேண்டாம் என்றார்கள். நம் நாட்டுக் கருத்துக்கேட்பின் அழகே இதுதான். கருத்தைக் கேட்பார்கள், நன்றாகவே கேட்பார்கள், ஒரு சொல் விடாமல் பதிவும் செய்வார்கள். செவிடர்கள் என்று யாரும் பழி சொல்லிவிடக் கூடாது.

ஆற்றின் வாயைத் துறைமுகத்துக்குக் கொடுத்தாயிற்று. தலையை மட்டும் விட்டுவைப்பானேன்? லிங்கனமக்கி அணையிலிருந்து ஷராவதித் தண்ணீரைப் பெங்களூருக்குக் கொண்டுவரலாம் என்று 2019-இல் ஒரு யோசனை கிளம்பியது. மலைநாடு கொதித்து, சிவமொக்காவில் பந்த் நடந்தது. போதாததற்கு, அதே ஆற்றின் நடுவில் 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டம். மேலே பெங்களூரின் குழாய், நடுவே பெங்களூரின் விளக்கு, கீழே கம்பெனியின் கப்பல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆற்றையே அளந்து எடுத்துக்கொள்ளும் கலையை அவர்கள் அறியவில்லை.

இனி அந்த மீனவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: நானூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரி பஸ்ஸில் வந்து மனு கொடுப்பது. பழைய தர்மாம்புதி ஏரியில்தான் வந்து இறங்குவார்கள். எதிரே ரயில் நிலையத்தில் 2021-இல் திறந்த சுரங்க மீன்காட்சியகம் இருக்கிறது. அமேசான் ஆற்றை மாதிரியாக வைத்துக் கட்டியது, திறந்தபோது கட்டணம் 25 ரூபாய். ஷராவதி மீனவனுக்கு அமேசானைக் காட்டும் பெருந்தன்மை வேறு எந்த ஊருக்கு வரும்? கோஷம் போட வேண்டுமானால் ஃப்ரீடம் பார்க். 2021-இல் வந்த போலீஸ் உத்தரவுக்குப் பிறகு நகரில் போராட்டம் நடத்த இடம் அது ஒன்றுதான். ஒரு காலத்தில் அது மத்திய சிறைச்சாலை. கருத்துச் சுதந்திரத்துக்கு இவ்வளவு பொருத்தமான கட்டடத்தைத் தேடிப் பிடித்தவருக்கு ஒரு விருது பாக்கி இருக்கிறது.

ஏதோ ஓர் ஆபீஸ் வராந்தாவில் மீன்காரப் பெண் ஒருத்தியும் குமாஸ்தாவும் பேசிக்கொள்வதைக் கற்பனை செய்து பாருங்கள்.

"ஏம்மா, எத்தனை வருஷமா அங்கே இருக்கீங்க?"

"எங்க அஜ்ஜி காலத்துக்கும் முன்னாடியிருந்து சார்."

"அஜ்ஜி பேர்ல பட்டா இருக்கா?"

"அஜ்ஜி பேர்ல வலைதான் சார் இருந்துச்சு."

"வலையைச் சர்வே நம்பர்ல ஏத்த முடியாதும்மா. ஆக்கிரமிப்புன்னுதான் வரும்."

"கம்பெனி எத்தனை வருஷமா இருக்கு சார்?"

"அவங்க இன்னும் வரவே இல்லையே. ஆனா பேப்பர் எல்லாம் பக்கா."

வராந்தாவிலிருந்து இறங்கினால், நல்ல வேளையாக, ஊரில் கடற்கரைப் பண்பாட்டுக்குப் பஞ்சமில்லை. 2023 நவம்பரில் அரண்மனை மைதானத்தில் சேற்று ஓடுதளம் வெட்டி, கடற்கரை மாவட்டங்களிலிருந்து எருமைகளை லாரியில் ஏற்றிவந்து கம்பளா நடத்தினார்கள். எருமைக்கு அரண்மனை, மீனவனுக்குப் பழைய ஜெயில். வார இறுதியில் கடற்கரைச் சமையல் ஓட்டல்களில் வரிசையில் நின்று, நீர் தோசைக்கு கானே வறுவலும் பங்குடே புளிமுஞ்சியும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் நம் மென்பொருள் அன்பர்கள். வெளியே வந்து விரலை முகர்ந்துகொண்டே, கரையோரத்து மக்கள் வளர்ச்சிக்கு ஏன் இப்படிக் குறுக்கே நிற்கிறார்கள் என்று வியக்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

தமிழ்நாட்டு வாசகர்கள் கர்நாடக அரசைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தால், கொஞ்சம் பொறுங்கள். 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறேன் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனது எம்.ஜி.ஆர். அரசு. படகோட்டியாக நடித்தவரின் கையெழுத்துத்தான் அந்த உத்தரவில். டிசம்பரில் துப்பாக்கிச் சூடு. மீனவர் உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் அதே மெரினா லூப் ரோட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மீன் கடைகளை அகற்றினார்கள். மீன் விற்ற கரையில் ரோடு வந்ததா, ரோட்டில் மீன் வந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்தைத் தீட்டியவர்களும் மனிதர்கள்தான். கடற்கரையைத் தின்பதில் காவிரித் தகராறே இல்லை. இரண்டு மாநிலமும் ஒற்றுமையாக உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

போதும் இந்தச் சிரிப்பு. கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதை நேராகவே சொல்லிவிடலாம்.

மீனவனிடம் கேட்கிற அந்தக் காகிதத்தை எழுதித் தர வேண்டியவன் மீனவனே இல்லை. 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தெளிவாகச் சொன்னது: மீனவக் கிராமங்கள், அவர்களுடைய பொதுச் சொத்துகள், படகுத்துறைகள், மீன் காயவைக்கும் இடங்கள் ஆகியவற்றை உள்ளூர் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும். குறிக்க வேண்டியது அரசு. அதாவது டொங்காவில் அந்தப் பெண் மத்தியைத் திருப்பிப் போடும் இடம் சட்டப்படி ஒரு வரைபடத்தில் இருந்தாக வேண்டிய இடம். அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்து முடிக்காத கைதான், உன்னிடம் என்ன ஆதாரம் என்று மீனவனிடம் நீள்கிறது. கணக்கு எழுதாத கணக்குப்பிள்ளை, கணக்கில் உன் பெயர் இல்லையே என்று குடியானவனை விரட்டுகிறான்.

ஷராவதியின் முகத்துவாரம் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். ஆறு ஒரு பக்கம் மணலைக் கரைக்கும், இன்னொரு பக்கம் சேர்க்கும். அங்கே தலைமுறைகளாகக் குடியிருப்பவன் குடிசையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்திருப்பான். நகர்ந்ததால்தான் பிழைத்திருக்கிறான். அதையே, முன்பு நீ இந்த இடத்தில் இல்லையே என்று அவனுக்கு எதிரான சாட்சியமாக மாற்றுவது நிர்வாகத் திறமை என்றால், திருட்டுக்கு வேறு பெயர் தேடத் தேவையில்லை.

கேட்பது அதிகமில்லை. முதலில் ஊரை வரைபடத்தில் போடுங்கள். கருவாடு காயும் மணலையும், படகு ஏற்றும் துறையையும், வலை உலர்த்தும் கம்பத்தையும், பிணம் புதைக்கும் மேட்டையும் அந்த ஊர்ப் பெண்களைக் கூட வைத்துக்கொண்டு அளந்து எழுதுங்கள். எழுதியதைக் கன்னடத்தில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் கம்பெனியின் வரைபடத்தை அதன்மேல் விரியுங்கள். மிச்சம் இடம் எங்கேயாவது இருந்தால் துறைமுகம் கட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்காது என்று தெரிந்துதானே முதல் வரைபடத்தைப் போடாமல் இருக்கிறீர்கள்? நியாயமான அளவைதான் என்றால், அளக்க வந்தவரின் பின்னால் லத்தியோடு இத்தனை பேர் எதற்கு?